அவன் யாரைக் கூப்பிட்டான்?

படங்களுக்கு வசன வரி போடும் நம் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று, நீங்கள் வாங்கிவந்த கேக்கை வெட்டி முடித்தபோது உங்களில் ஆக இளையவள் கேட்டாள்: "அன்ரி, இவ்வளவு வருஷத்திலை உங்கட வேர்ஸ்ட் மிஸ்ரேக் என்ன?" எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டு, ஒரு சமையல் நிகழ்ச்சியில் 'சூப்' வரவேண்டிய இடத்தில் 'சோப்' என்று போட்ட கதையைச் சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் கதை உண்மைதான். ஆனால் அவளுடைய கேள்விக்கு அது பதில் இல்லை. அது விரல் செய்த பிழை. என்னுடைய ஆகப் பெரிய பிழையை நான் நன்றாக யோசித்து, நல்ல மனத்தோடு, உரியவரே கேட்டுக்கொண்டபடி செய்தேன். அதனால்தான் கேக்குக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்தில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். ரொறொன்ரோவுக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஒரு தொழிற்சாலையில் மட்டைப்பெட்டி மடித்தேன். பிறகு, தட்டச்சு வேகத்தைப் பார்த்து, படங்களுக்கு ஆங்கில வசன வரி போடும் சிறிய நிறுவனம் ஒன்று என்னை எடுத்தது. நகர மையத்தில், பிறநாட்டுப் படங்களைக் காட்டும் ஒரு தியேட்டருக்கு என்னை அனுப்புவார்கள். அங்கே வரும் பிரதிகள் பலவற்றில் ஆங்கில வரிகள் இருக்காது. திரைக்குக் கீழே நீளமாக ஒரு மின்னெழுத்துப் பலகை பொருத்தியிருக்கும். கடைசி வரிசைக்குப் பின்னால், கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறையில் கொம்பியூட்டரோடு நான் இருப்பேன். நடிகர் வாய் திறக்க, நான் விசையை அழுத்த, பலகையில் வரி ஒளிரும். நீங்கள் இன்று ஒரு வரியை ஐம்பது தடவை நிறுத்திப் பார்த்துத் திருத்துகிறீர்கள். எனக்குப் படம் நிற்காது.

யப்பானிய மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. மொழிபெயர்ப்பவர் ஹருகோ. கனடாவிலே பிறந்த யப்பானியப் பெண்மணி, அறுபது வயதிருக்கும். அவர் மொழிபெயர்த்துத் தருவதை நான் வரிகளாக உடைத்து, நேரம் குறிப்பேன். படம் ஓடும்போது பக்கத்துக் கதிரையில் இருந்து, நான் தவறினால் முழங்கையைத் தொடுவார்.

அந்த நவம்பரில் தியேட்டர் ஒரு யப்பானிய இயக்குநரின் ஐந்து படங்களைக் காட்ட ஏற்பாடு செய்து, அவரையும் அழைத்திருந்தது. அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் அவருடைய பிழையும் கொஞ்சம் இருக்கிறது. தன் பக்கத்தைச் சொல்ல அவர் இன்று இல்லை.

அவர் ஒரு துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் ஸ்ரூடியோ ஒன்றின் ஒலிப்பதிவுப் பகுதியில் சேர்ந்து, ஒன்பது வருடம், மைக் கட்டிய நீண்ட கோலை நடிகர்களின் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார். "பேசுகிறவரைக் கமரா பார்த்துக்கொள்ளும். மைக் பிடிக்கிறவனுக்கு எதிரில் தெரிவது கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம்தான். அந்த முகத்தை யாரும் படம் பிடிப்பதில்லையே என்று எனக்குக் கவலையாக இருந்தது" என்று அவர் சொன்னதை ஹருகோ எனக்குச் சொன்னார்.

தான் இயக்குநரானதும் அவர் அந்தக் கவலையைத் தீர்த்துக்கொண்டார். அவருடைய படங்களில் பேசுகிறவரைக் காண்பது அரிது. குரல் பக்கத்திலிருந்து வரும். கமரா அசையாமல் கேட்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு படத்தில், மனைவி விவாகரத்துக் கேட்கும் காட்சி முழுவதும் கணவன் ஒரு தோடம்பழம் உரிப்பதுதான் தெரியும். பழம் உரித்து முடிய, கல்யாணமும் முடிந்திருக்கும். ஸ்ரூடியோ முதலாளி ஏசினாராம்: "கதாநாயகி பேசுவதைப் பார்க்கத்தான் சனம் வருகிறது. நீ பழத்தைக் காட்டுகிறாய்."

முதல் மூன்று படங்களும் ஓடவில்லை. நாலாவது படத்துக்கு வெளிநாட்டில் பெரிய பரிசு கிடைத்தது. உலகம் அவரைக் கொண்டாடத் தொடங்கிய அதே காலத்தில் ஸ்ரூடியோ அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எட்டு வருடம் ரயில்வேக்குப் பாதுகாப்புப் படங்கள் எடுத்துப் பிழைத்தார். தண்டவாளத்தை எப்படிக் கடப்பது, கதவு மூடும்போது கையை எங்கே வைப்பது. அதைச் சொல்ல அவருக்கு வெட்கமே இல்லை. "அந்தப் படங்களால் சிலர் உயிர் தப்பியிருக்கலாம். என்னுடைய மற்றப் படங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது" என்பார். ஐம்பது வயதில், நண்பர்களின் உதவியோடு, மிகச் சிறிய செலவில் ஒரு படம் எடுத்தார். அவருடைய ஆகச் சிறந்த படம் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். எங்கள் தியேட்டரில் அது வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் காட்டப்பட இருந்தது.

புதன்கிழமை முதற்படம். எனக்கு அவருடைய பாணி தெரியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாது. பேசுகிறவர் திரையில் இல்லையே, பார்ப்பவர்கள் குழம்புவார்களே என்று பயந்து, ஹருகோ எழுதித் தந்த ஒவ்வொரு சொல்லையும் பலகையில் ஏற்றினேன். ஒரு வரியும் பிந்தவில்லை. படம் முடிந்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

சின்ன உருவம், எழுபது வயது, கழுத்தில் கம்பளிச் சால்வை. இயக்குநர் எங்கள் அறைக்குள் வந்து பணிந்து வணங்கினார். இடது காது கேட்காது. வலது காதைத் திருப்பித்தான் எவரோடும் பேசுவார். ஹருகோவிடம் ஏதோ சொன்னார். ஹருகோவின் முகம் சிவந்தது.

"என்ன சொல்கிறார்?" என்றேன்.

"படம் முழுவதும் திரைக்குப் பக்கத்தில் நின்று சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். எல்லாக் கண்களும் கீழே இருந்தனவாம். தான் எடுத்தது படம் என்று நினைத்திருந்தாராம். இன்று எல்லாரும் நல்ல புத்தகம் ஒன்றை வாசித்துவிட்டுப் போகிறார்களாம்."

அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஏச்சு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த நாள் பகல் முழுவதும், வெள்ளிக்கிழமைப் படத்தின் வரிகளை ஹருகோவும் நானும் இருந்து வெட்டினோம். வெட்டினது நான், ஹருகோ ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை பிடித்தார்.

"இது அவருடைய சொல். அதை எடுக்க நீ யார்?"

"அவர்தானே குறைக்கச் சொன்னார்?"

"குறைக்கச் சொன்னார். எதை என்று சொன்னாரா?"

மத்தியானம் போல, சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு, ஹருகோ தன் கதையைச் சொன்னார். போர்க்காலத்தில், யப்பானிய வம்சம் என்பதற்காக, கனடாவிலேயே அவருடைய குடும்பத்தைக் கரையோரத்திலிருந்து எழுப்பி, மலைகளுக்கு உள்ளே ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். தகப்பன் வேறொரு முகாமில். அவருடைய கடிதங்கள் வரும். ஆனால் தணிக்கைக்காரர் கத்தரித்த இடங்கள் ஜன்னல் ஜன்னலாக இருக்கும். "அம்மா அந்த ஓட்டைகளுக்குள்ளால் எங்களைப் பார்ப்பா" என்றார். "அதனால்தான் எனக்குச் சொல்லை வெட்டப் பிடிக்காது."

அதற்குப் பிறகு நான் ஒரு வரியையும் அவரைக் கேளாமல் வெட்டவில்லை. அவரும் பாதியை விட்டுக்கொடுத்தார்.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். போர் முடிந்து ஒருவன் ஊர் திரும்புகிறான். இறந்துபோன தன் தோழனின் தாயைப் பார்க்கப் போகிறான். தாய் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறாள். மகன் எப்படிச் செத்தான் என்று அவன் சொல்கிறான்: உடனே உயிர் போய்விட்டது, வலியே இல்லை, முகம் அமைதியாக இருந்தது. நாலு நிமிடம் நாம் பார்ப்பது தாயின் முகத்தை மட்டும். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று இயக்குநர் அந்த நடிகைக்குச் சொல்லவே இல்லையாம். அவர் அதை முதன்முதலாகக் கேட்டது கமராவுக்கு முன்னால்தான். ஒரே தடவைதான் எடுத்தார்கள்.

வேலைக்காக எங்களுக்கு அனுப்பியிருந்த வீடியோ நாடாவில் "முகம் அமைதியாக இருந்தது" என்பதோடு படம் முடிந்தது. அந்த நாலு நிமிடத்துக்கு நான் வைத்தது ஐந்து வரி. மிச்சத்தைக் குரல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டு இலவசச் சீட்டுக் கிடைத்தது. என் கணவருக்கு வேலை. வோபர்னில் நாங்கள் இருந்த கட்டடத்தில் மேல்மாடியில் றெஜினா அன்ரி இருந்தா. ஊர்காவற்றுறைக்காரி, மூத்த மகளோடு வந்து சேர்ந்து மூன்று வருடம். பள்ளிக்கூடம் விட்டதும் என் மகளைப் பார்த்துக்கொள்பவ அவதான். கனடாவில் ஒரு படமும் தியேட்டரில் பார்த்ததில்லை என்று சொல்லியிருந்தா. கூட்டிக்கொண்டு போனேன்.

"இங்கிலீசிலை எழுத்து ஓடும் அன்ரி. உங்களுக்கு விளங்காமல் இருக்கலாம்" என்றேன்.

"நான் எழுத்து வாசிக்கவே வாறன்? படம் பாக்கத்தானே வாறன்" என்றா.

ஆங்கிலம் வாசிக்க அவவுக்குத் தெரியாது. கடைசி வரிசையில், எங்கள் கண்ணாடி அறைக்கு நேர் முன்னால் இருத்திவிட்டு உள்ளே போனேன்.

மண்டபம் நிரம்பியிருந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் கொப்பியோடு படிகளில் இருந்தார்கள். படம் நன்றாகப் போனது. கடைசிக் காட்சி வந்தது. தாய் தேநீர் ஊற்றினாள். என் ஐந்து வரிகளையும் ஒவ்வொன்றாக அழுத்தினேன். "அவன் முகம் அமைதியாக இருந்தது." பலகையை அணைத்தேன். மண்டப விளக்கு எரியப்போகிறது என்று விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

படம் முடியவில்லை.

தாயின் முகம் அப்படியே நின்றது. எங்களிடம் இருந்த நாடா விநியோகக்காரர் வெட்டின பிரதி. இது இயக்குநர் தன் கையில் வைத்திருந்த முழுப் பிரதி. அவருக்கு எங்களிடம் எது இருக்கிறது என்று தெரியாது. எங்களுக்கு இரண்டு இருப்பதே தெரியாது. ஹருகோவின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. திரையில் அந்த ஆணின் குரல் மறுபடி வந்தது. மிகத் தாழ்ந்த குரல், ஒரே ஒரு வாக்கியம்.

"என்ன சொன்னான்?"

"கூப்பிட்டான்... கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்."

"யாரை?"

"சொல்லவில்லை."

"ஹருகோ, யாரை? தாயையா, இவனையா?"

"சொல்லவில்லை! எங்கள் மொழியில் சொல்லத் தேவையில்லை!"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 'உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்' என்றால், தாய்க்கு ஆறுதல் சொல்கிறான். 'என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்' என்றால், அவனைச் சாக விட்டுவிட்டு ஓடிவந்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். எப்படிப் பார்த்தாலும், உடனே உயிர் போனது என்ற முதற் கதை பொய்யாகிவிடுகிறது. ஹருகோ தலையில் கை வைத்திருந்தார். எனக்கோ அந்த வாக்கியம் நன்றாக விளங்கியது. ஏனென்றால் தமிழிலும் அப்படித்தான். 'கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்' என்று சொன்னால் நமக்கு அது முழு வாக்கியம். யாரை என்பது கேட்கிறவரின் மனதுக்கு விட்டது.

வெற்று வரி ஒன்றைத் திறந்து, ஆங்கிலத்தில் நாலே நாலு சொல் தட்டினேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். யாரை என்று இல்லை. முற்றுப்புள்ளி வைத்து அழுத்தினேன். குரல் ஓய்ந்து மூன்று விநாடி ஆகியிருக்கும். வரி தாயின் முகத்துக்குக் கீழே எரிந்து அணைந்தது.

அந்த முகம் இன்னும் ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தது. அதில் எதுவும் நடக்கவில்லை, எல்லாம் நடந்தது. மண்டபத்தில் ஒரு செருமல் சத்தம்கூட இல்லை. பிறகு தாய் தேநீர்ப் பாத்திரத்தை எடுத்து, அவனுடைய கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். விளக்கு எரிந்தது.

நீதிமன்றத்தில் வேலை செய்த காலத்தில் ஒரு பழக்கம் எனக்கு வந்திருந்தது. சாட்சி சொல்லாததை நான் எழுதுவதில்லை. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அதுதான், கெட்டித்தனம் இல்லை. அவசரத்தில் ஒரு வரி தவறும்போது, மனம் உடனே எதையாவது இட்டு நிரப்பப் பார்க்கும். அந்த நேரத்தில் காதில் விழுந்ததை மட்டும் போடுங்கள்.

படத்துக்குப் பிறகு கேள்வி நேரம். ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "கடைசியில் அவன் யாரைக் கூப்பிட்டதாகச் சொல்கிறான்?"

இயக்குநர் வலது காதைத் திருப்பிக் கேட்டார். "எனக்குத் தெரியாது" என்றார். சனம் சிரித்தது. "விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குரல் கொடுத்த நடிகரிடம், நீங்கள் ஒரு முடிவெடுத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் முடிவெடுத்தார். சொல்லவில்லை. இறந்துபோனார். அந்த நடிகையும் என்னைப் பலமுறை கேட்டார். அவருக்கும் என்னிடம் பதில் இல்லை."

வெளியே, கோட்டுகள் தொங்கும் இடத்தில் அன்ரியைத் தேடிப் போனேன். அவ சுவரோரமாக, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றா. இயக்குநரும் ஹருகோவும் அந்தப் பக்கமாக வந்தார்கள். என் விருந்தாளி என்று அறிமுகப்படுத்தினேன். அவர் அன்ரியை வணங்கி, படம் எப்படி என்று கேட்டார். அவருடைய மொழியிலிருந்து ஹருகோ ஆங்கிலத்துக்கு, நான் தமிழுக்கு.

"அந்தப் பெடியன் பொய் சொல்லுறான்" என்றா அன்ரி. "அவவுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் தேத்தண்ணி ஊத்துறா."

ஹருகோ அதைச் சொல்லி முடிக்க, அவர் ஒரு அடி முன்னால் வந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

அன்ரி என்னைப் பார்த்தா. "எங்கட வீட்டையும் ஒரு பெடியன் வந்தவன், பிள்ளை. என்ர சின்னவனோடை நிண்டவனாம். அவன் எங்கேயோ சுகமாய் இருக்கிறான், அன்ரி, யோசியாதேங்கோ எண்டான். என்ர முகத்தைப் பாக்காமல் கோப்பையைப் பாத்துக்கொண்டு சொன்னவன். நானும் இன்னொரு கோப்பை ஊத்திக் குடுத்தன்."

அன்ரியின் இளைய மகன் ஊரில் காணாமற்போனவன் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒருவன் வந்தது தெரியாது. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஹருகோ யப்பானிய மொழியில் சொன்னார். இயக்குநர் கண்ணை எடுக்காமல் அன்ரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்பவரைத்தான் பார்க்கிறவர். அன்று பேசுகிறவரைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கடைசி வாக்கியம் என்ன என்று அன்ரிக்கு முதலில் சொல்லிவிட்டு, அதைத் தமிழில் கேட்டேன். படத்தில் அவன் யாரைக் கூப்பிட்டிருப்பான் என்று நினைக்கிறீர்கள்?

"தாயைத்தான். வேறை ஆரை?" என்றா அன்ரி. சொல்லும்போது குரல் உடைந்தது.

அவர் அன்ரியை ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்குத் தன் விருந்தாளியாக வரச் சொன்னார். அன்ரி ஓம் என்றா.

சனிக்கிழமை காலை ஹருகோ என்னைத் தியேட்டருக்குக் கூப்பிட்டார். இயக்குநர் ஏற்கெனவே எங்கள் கண்ணாடி அறையில் இருந்தார், சால்வையைக்கூடக் கழற்றாமல். சரியாக நித்திரை கொள்ளவில்லை என்று முகம் சொன்னது.

"அந்தக் கடைசி வரியில் 'உங்களை' என்று சேர்க்கும்படி கேட்கிறார்" என்றார் ஹருகோ.

"ஏன்?" என்றேன்.

"இருபது வருடம் அந்தத் தாயை நடுவில் விட்டுவிட்டேன் என்கிறார். எடுத்த காலத்தில் அது துணிச்சல் என்று நினைத்தாராம். நேற்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபிறகு, அது கொடுமை என்று படுகிறதாம். ஒரு தாய்க்காவது பதில் கிடைக்கட்டும் என்கிறார்."

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஹருகோ?"

அவர் இயக்குநருக்கு விளங்காத வேகத்தில் ஆங்கிலத்தில் சொன்னார்: "என் அப்பாவின் கடிதங்களில் வெட்டினார்கள். ஒருவரும் எதையும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் படம் அவருடையது. விரல் உன்னுடையது."

நான் இயக்குநரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். 'நீங்கள் இதைப் படத்துக்காகக் கேட்கிறீர்களா, அன்ரிக்காகவா?' என்று. கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை, கேட்க விரும்பவில்லை. ஏனென்றால் எனக்கும் அந்தச் சொல் அங்கே இருக்கவேண்டும் போல இருந்தது. அன்ரியின் குரல் உடைந்த சத்தம் என் காதிலும் இருந்தது. எழுதியவரே கேட்கிறார், எனக்கு என்ன என்று சொல்லிக்கொண்டு அந்த நாலு சொல்லோடு, 'உங்களை' என்பதற்கு ஆங்கிலத்தில் வேண்டிய இரண்டு சொல் கூட்டினேன். அன்ரிக்கு அந்த எழுத்தை வாசிக்கவே தெரியாது என்பது அந்த நேரம் எங்கள் ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. இரக்கம் வந்தால் இப்படித்தான். யாருக்காக வந்ததோ அவரையே மறந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே முதற்பனி தூவிக்கொண்டிருந்தது. அன்ரி காலையில் கோயில் பூசைக்கு உடுத்த சேலையோடு, முன்னுக்கு, இயக்குநருக்குப் பக்கத்தில் இருந்தா. கடைசிக் காட்சி வந்தது. குரல் சொன்னது. நான் அழுத்தினேன்.

மண்டபம் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவு பேரும் ஒன்றாக, சுமை இறக்கிவைத்தது போல. கைக்குட்டைகள் வெளியே வந்தன. சிலர் பக்கத்தில் இருந்தவரின் தோளில் கை வைத்தார்கள். எல்லாருக்கும் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் திரையில் தாயின் முகம் இன்னும் ஒரு நிமிடம் ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை எங்களை மூச்சுவிடாமல் பிடித்து வைத்திருந்த அதே முகம். இம்முறை அதை யாரும் பார்க்கவில்லை. ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு பேர் கோட்டைத் தேடினார்கள். தாய் இரண்டாம் முறை தேநீர் ஊற்றியபோது, முன்வரிசையில் யாரோ அன்பாகச் சிரித்தார்கள், நல்ல உபசரிப்பு என்பது போல.

படம் முடிந்ததும் இயக்குநர் நேரே எங்கள் அறைக்கு வந்தார். மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு வெளியே சனம் மகிழ்ச்சியாகக் கலைந்துகொண்டிருந்தது.

"இன்றைக்கு அந்த முகம் வேலை செய்யவில்லை" என்றார், ஹருகோவின் வாயால். "சனம் என்னோடு சந்தோஷமாகக் கைகுலுக்கிவிட்டுப் போகிறது. அந்த நடிகை இறந்துவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை."

"நான்தான் அழுத்தினேன்" என்றேன்.

"நான் கேட்டதற்காக."

"எனக்கும் விருப்பம் இருந்தது."

ஹருகோ அதைச் சொன்னபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். திட்டவில்லை, தேற்றவும் இல்லை. பிழை செய்த இரண்டு பேர் ஒரு சின்ன அறைக்குள் நின்றோம். அவ்வளவுதான். போகும்போது பணிந்து வணங்கினார். நானும் வணங்கினேன். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

உரியவர் சொன்னால் சரிதானே என்று நீங்கள் அடிக்கடி என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். உரியவர் சொன்னால் செய்யத்தான் வேண்டும். ஆனால் செய்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்தக் கேள்வி நமக்கே சங்கடமாக இருந்தால், அதைக் கட்டாயம் கேட்கவேண்டும். நான் கேட்டிருந்தால் அந்த மனிதர் யோசித்திருப்பார். அன்று அவருக்குத் தேவைப்பட்டது தலையாட்டுகிற ஆள் இல்லை.

அன்ரியும் நானும் சப்வேயில் வந்து, வோர்டனில் இறங்கி, பஸ் எடுத்தோம். சனம் குறைவு. அன்ரி ஜன்னலோரம் இருந்தா. கொஞ்சத் தூரம் போனதும் கேட்டா:

"பிள்ளை, அந்தக் கடைசி இடத்திலை இண்டைக்கு ஏன் எல்லாரும் பெருமூச்சு விட்டவை? வெள்ளிக்கிழமை ஒருத்தரும் விடேல்லையே."

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இண்டைக்கு இங்கிலீசிலை கூட ஒண்டு போட்டது, அன்ரி. 'உங்களைத்தான் கூப்பிட்டவன்' எண்டு."

"அவன் அப்பிடிச் சொன்னவனோ?"

"இல்லை. அவன் ஆரை எண்டு சொல்லேல்லை."

"அப்ப ஆர் போட்டது?"

"அந்த யப்பான்காரர் கேட்டவர். நான் போட்டனான்."

"என்னத்துக்கு?"

"உங்களை நினைச்சுத்தான்."

பஸ் இரண்டு தரிப்பில் நின்று போனது. அன்ரி கையுறையைக் கழற்றினா, மடித்தா, மறுபடி போட்டா. பிறகு, கோபம் இல்லாமல், விளங்காத ஒன்றை விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்பது போலக் கேட்டா:

"எனக்குச் சொல்லோணுமெண்டால் எனக்கெல்லோ சொல்லியிருக்கோணும். படத்திலை வாற அந்தத் தாய்க்கு ஏன் சொன்னனீங்கள்? அவவுக்குப் பொய் சொல்ல அங்கை ஏற்கெனவே ஒருத்தன் இருந்தவன்தானே."

எங்கள் தரிப்பு வந்தது. அவவின் கையைப் பிடித்து இறக்கினேன். நிலம் வழுக்கியது.

திங்கட்கிழமை காலை, வழமையைவிட முந்தியே வேலைக்குப் போனேன். அந்தப் படத்துக்கு இனி எங்களிடம் காட்சி இல்லை. பெட்டிகள் கட்டி முடிந்து, பிரதி அன்றே யப்பானுக்குப் போக இருந்தது. அதன் வரிப் பட்டியலை இனி யாரும் திறக்கப்போவதில்லை. ஆனாலும் கொம்பியூட்டரைப் போட்டு, கடைசி வரிக்குப் போய், நான் கூட்டின இரண்டு சொற்களையும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். நாலு சொல்லும் ஒரு முற்றுப்புள்ளியும் மிஞ்சின. அதைச் சேமித்துவிட்டு, அன்றைய வேலையைத் தொடங்கினேன்.